வாட்டம் அறியாத வாய்க்கால்

நுழையும்முன்

நீரை வெளியேற்றிவிட்டால் நிலம் கிடைத்துவிடும் என்பது எளிய கணக்கு. அக்கணக்குப் பொய்த்துப்போன இடங்கள் உலகில் பல. இலங்கையின் மேற்குக் கரையில், இருநூறு ஆண்டுகளுக்கு முன்னர் ஒரு சதுப்புநிலத்தை வடிக்க மேற்கொள்ளப்பட்ட முயற்சியையும் அது தோல்வியுற்றதற்கான காரணங்களையும் இக்கட்டுரை விளக்குகிறது.

உழவர் கண்ட அறிவியல்

கொங்கு நாட்டு உழவர் தம் தோட்டத்தில் வாய்க்கால் வெட்டுமுன் முதலில் பார்ப்பது வாட்டம். நிலத்தின் இயல்பான சரிவுக்கே வாட்டம் என்று பெயர். கிணற்றுநீர் எந்தப் பக்கம் இறங்கும், எந்த வரப்பில் தேங்கும், மழைக்காலத்தில் மிகைநீர் எவ்வழியே வடியும் என்பவற்றை அறிந்த பின்னரே மண்வெட்டி நிலத்தில் இறங்கும். வாட்டம் ஒரு விரற்கடை பிசகினாலும் கடைமடைக்கு நீர் சென்று சேராது.

மேற்குத்தொடர்ச்சி மலையில் தோன்றிக் காவிரியில் கலக்கும் நொய்யலாற்றின் நீரை அணைக்கட்டுகளில் தடுத்து, வாய்க்கால்கள் வழியே குளங்களில் நிரப்பி, ஒரு குளத்தின் மிகைநீர் அடுத்த குளத்தைச் சேருமாறு அமைத்த முன்னோரின் நீர் மேலாண்மைக்கும் இவ்வறிவே அடிப்படை. வெட்டுபவரின் விருப்பத்திற்கேற்ப நீர் செல்வதில்லை. நிலத்தின் மட்டத்திற்கேற்பவே செல்கிறது. இந்த உண்மையை மறந்து வெட்டப்படும் கால்வாய் தான் எண்ணியதற்கு நேர்மாறான பயனையும் தரக்கூடும். அதற்குச் சான்றாக விளங்குவது முத்துராஜவெல.

வயல் என்னும் பெயருடைய சதுப்பு

கொழும்பு நகருக்கு வடக்கே, களனி ஆற்றுக்கும் நீர்கொழும்புக் காயலுக்கும் இடையே, கடற்கரையை ஒட்டி நீண்டு கிடக்கும் சதுப்புநிலமே முத்துராஜவெல. இதன் பரப்பு ஏறத்தாழ 3,000 ஹெக்டேர். ‘வெல’ என்னும் சிங்களச் சொல்லுக்கு ‘வயல்’ என்பது பொருள். கோட்டே அரசு சிறப்புற்றிருந்த காலத்தில் இங்கு நெல் விளைந்தது என்பது வழிவழியாகக் கூறப்படும் செய்தி. இன்று அங்கு நெல்வயல்கள் பரந்து கிடக்கவில்லை. கோரையும் நாணலும் அலையாத்தி மரங்களுமே மிகுந்துள்ளன. வயல் சதுப்பாகிப் போனதற்குப் பின்னால் கால்வாய்களின் கதை ஒன்று உண்டு.

கடலோரத் தாழ்நிலத்தில் நெல் விளைய வேண்டுமெனில் உவர்நீர் உள்ளே புகாதிருத்தல் வேண்டும். மழைநீரும் ஆற்றுநீரும் நிலத்தில் தேங்கி நிற்கும்போது அந்நன்னீரின் அழுத்தம் கடல்நீரை எதிர்த்து நிற்கும். மண்ணுக்கு மேலும் கீழும் நிறைந்திருக்கும் அந்நன்னீரே அத்தகைய வயல்களுக்கு வேலி.

அந்த வேலி வணிகத்தின் பொருட்டு உடைந்தது. உள்நாட்டில் விளைந்த பாக்கு, இலவங்கப்பட்டை முதலியவற்றைப் படகுகளில் ஏற்றித் துறைமுகங்களுக்குக் கொண்டுசெல்லக் கால்வாய்கள் தேவைப்பட்டன. கோட்டே மன்னர் காலத்தில் தொடங்கிய இப்பணியைப் பின்னர் வந்த டச்சுக்காரர்கள் விரிவுபடுத்தினர். கொழும்பையும் நீர்கொழும்பையும் இணைத்த நீர்வழியில் படகுகள் சென்றன. அதே வழியில் காயலின் உவர்நீரும் வந்தது. உவர் ஏறிய வயல்கள் பாழ்பட்டன. அவற்றை மீட்க டச்சுக்காரர்கள் செய்த முயற்சிகள் பயனளிக்கவில்லை.

ஹாமில்டன் கால்வாய்

1796ஆம் ஆண்டில் கொழும்பு ஆங்கிலேயர் வசமாயிற்று. பாழ்பட்டுக் கிடந்த அந்நிலப்பரப்பு அவர்களது கண்ணுக்கு வருவாய் தராத வெற்றிடமாகத் தோன்றியது. உவர்நீரை வடித்துவிட்டால் வயல்கள் மீளும் என்று கருதினர். 1802ஆம் ஆண்டில் புதியதொரு கால்வாய் வெட்டும் பணி தொடங்கி, 1804ஆம் ஆண்டில் நிறைவுற்றது. களனி ஆற்றின் பக்கமிருந்து வடக்கு நோக்கிச் சென்று நீர்கொழும்புக் காயலின் தென்முனையில் கலக்கும் அக்கால்வாயின் நீளம் ஏறத்தாழ 14.5 கிலோமீட்டர். வருவாய், வணிகத் துறைகளின் அரசு முகவராக விளங்கிய கெவின் ஹாமில்டன் என்பாரின் பெயரால் அது ஹாமில்டன் கால்வாய் எனப்பட்டது.

கால்வாய் வெட்டி முடிக்கப்பட்டது. படகுகளும் அதில் சென்றன. ஆயினும் எந்த நோக்கத்திற்காக வெட்டப்பட்டதோ அந்த நோக்கம் மட்டும் நிறைவேறவில்லை. சதுப்பு வற்றவில்லை; உவர் நீங்கவில்லை; நெல்வயல்கள் மீளவில்லை.

தோல்விக்கான காரணங்கள்

முதற்காரணம் மட்டம். நீர் வடிய வேண்டுமெனில் வடியும் இடம் தாழ்ந்திருக்க வேண்டும். முத்துராஜவெல கடல்மட்டத்தையொட்டி அமைந்த நிலம். கால்வாயின் இரு முனைகளும் கடலின் ஓதத்திற்கு, அதாவது நாள்தோறும் நிகழும் ஏற்றவற்றத்திற்கு உட்பட்ட நீர்நிலைகளிலேயே சென்று சேர்ந்தன. ஓதம் வற்றும்போது நீர் வெளியேறும். ஓதம் ஏறும்போது அதே வழியில் உள்ளே திரும்பும். வடிகால் என்று எண்ணப்பட்டது வரத்துக்காலாகவும் ஆயிற்று.

இரண்டாம் காரணம் நீரின் அடர்த்தி. உவர்நீர் நன்னீரைவிட அடர்த்தி மிக்கது. எனவே கால்வாயில் மேற்பரப்பு நன்னீராகத் தோன்றினும் அடிப்பகுதியில் உவர்நீர் ஓர் ஆப்பினைப் போல உள்நோக்கி ஊடுருவக்கூடும். வளைந்து நெளிந்து செல்லும் இயற்கை ஓடையைவிட, நேராகவும் ஆழமாகவும் வெட்டப்பட்ட கால்வாயில் இவ்வூடுருவல் எளிதாக நிகழும்.

மூன்றாம் காரணம் நன்னீரின் இழப்பு. மழைக்காலத்தில் பல வாரங்கள் தேங்கி நின்று மெல்ல வடிய வேண்டிய நீர், கால்வாய் வழியே விரைந்து வெளியேறும். கடலை எதிர்த்து நின்ற வேலி அவ்வாறு மெலிந்த பின்னர், கோடைக்காலத்தில் உவர்நீரைத் தடுப்பதற்கு எதுவும் எஞ்சியிராது.

சுருங்கக் கூறின், உப்பை வெளியேற்ற வெட்டிய கால்வாய் உப்பு நுழைவதற்கும் வாயிலாயிற்று.

தாழ்ந்துபோன நிலம்

நீரை முழுவதும் இறைத்து வெளியேற்றும் வலிமை இருந்திருப்பின் வெற்றி கிட்டியிருக்குமா? இங்கிலாந்தின் ஹோம் என்னும் சிற்றூர்ப் பகுதி இதற்கு விடை தருகிறது. அதன் அருகிலிருந்த விட்டில்சி என்னும் பெரிய ஏரி 1851ஆம் ஆண்டளவில் நீராவி எந்திரத்தின் துணையால் வடிக்கப்பட்டது. அப்போது அங்கே ஓர் இரும்புத்தூண், அதன் உச்சி தரைமட்டத்திற்குச் சமமாக இருக்குமாறு மண்ணில் புதைக்கப்பட்டது. இன்று அத்தூண் தரைக்குமேல் ஏறத்தாழ 4 மீட்டர் உயரத்திற்கு நீண்டு நிற்கிறது. தூண் வளரவில்லை, நிலமே தாழ்ந்துவிட்டது.

பல சதுப்புநிலங்களின் மண் முற்றிலும் மட்காத தாவரப் பொருள்களால் ஆனது. நீரில் ஊறியிருக்கும்வரை அது உப்பிய நிலையில் இருக்கும். நீர் நீங்கினால் சுருங்கும். காற்றுப்பட்டுச் சிதைந்து, தான் சேமித்து வைத்திருந்த கரிமத்தைக் கரியமில வாயுவாக வெளியிடும். நிலம் தாழத் தாழ மேலும் இறைக்க வேண்டியிருக்கும்; இறைக்க இறைக்க நிலம் மேலும் தாழும். வென்றதாக எண்ணிய மனிதர் ஓயாது நீர் இறைக்கும் நிலைக்கு ஆளாயினர்.

வீண்நிலத்தின் மதிப்பு

முத்துராஜவெல வயலாக மீளாவிடினும் வீணாகிவிடவில்லை. நன்னீரும் உவர்நீரும் கலந்த அவ்விடம் மீன்களுக்கும் இறால்களுக்கும் நாற்றங்காலாயிற்று. அதனை அடுத்துள்ள நீர்கொழும்புக் காயலின் மீன்வளத்தை நம்பி வாழும் குடும்பங்கள் பல.

2003ஆம் ஆண்டில் பன்னாட்டு இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியம் வெளியிட்ட ஆய்வு, இச்சதுப்பு தரும் பயன்களின் மதிப்பை ஆண்டுக்கு 72 கோடி இலங்கை ரூபாய்க்கு மேல் எனக் கணக்கிட்டது. அதில் ஏறத்தாழ மூன்றில் இரு பங்கு வெள்ளத்தைத் தணிக்கும் பணிக்கு உரியது. எந்த நீரை வெளியேற்ற அரும்பாடு பட்டார்களோ, அந்த நீரைத் தாங்கி நிற்கும் ஆற்றலே அந்நிலத்தின் பெருஞ்செல்வம் என்பது இவ்வாறு புலனாயிற்று. இதன் வடபகுதி 1996ஆம் ஆண்டில் சரணாலயமாக அறிவிக்கப்பட்டது. தென்பகுதியில் நிலம் நிரப்பும் பணிகளும் கட்டுமானங்களும் பரவின. கால்வாயால் வற்றாத சதுப்பை மண்கொட்டி மேடாக்குதல் இக்காலத்து வழக்கமாயிற்று.

அவ்வழக்கம் தமிழகத்திற்கும் புதிதன்று. சென்னையின் பள்ளிக்கரணைச் சதுப்புநிலம் நெடுங்காலம் தரிசாகக் கருதப்பட்டது; அதன்மேல் குப்பை மலைபோல் குவிந்தது; கட்டடங்களும் சாலைகளும் எழுந்தன. 2015ஆம் ஆண்டின் பெருமழையில் அதனைச் சூழ்ந்த குடியிருப்புகள் நீரில் மிதந்தபோது, நீருக்குரிய இடத்தின் அருமை பலருக்கும் விளங்கிற்று.

தெரிந்து தெளிவோம்

ஈரநிலங்களைக் காப்பதற்கான பன்னாட்டு உடன்படிக்கை 1971ஆம் ஆண்டு பிப்ரவரி 2ஆம் நாள் ஈரான் நாட்டின் ராம்சர் நகரில் உருவாயிற்று. அந்நாளே உலக ஈரநில நாளாகக் கொண்டாடப்படுகிறது. பள்ளிக்கரணையும் ஈரோடு மாவட்டத்து வெள்ளோடு பறவைகள் சரணாலயமும் 2022ஆம் ஆண்டிலும், திருப்பூர் நஞ்சராயன் பறவைகள் சரணாலயம் 2024ஆம் ஆண்டிலும் ராம்சர் பட்டியலில் இடம்பெற்றன.

குளத்தின் வழக்கு

கொங்கு நாட்டுக் குளங்கள் மனிதரால் அமைக்கப்பட்டவை. முத்துராஜவெல இயற்கை அமைத்தது. ஆயினும் இரண்டுக்கும் நேரும் தீங்கு ஒன்றே. நீர் வற்றிய கோடையில் குளத்தைக் காண்பவர் அதனை வெற்றிடம் என எண்ணுகிறார். வரத்துவாய்க்கால் தூர்கிறது, கரையோரம் மேடாகிறது, வீடுகள் எழுகின்றன. பின்னொரு கார்காலத்தில் நீர் தன் பழைய வழியைத் தேடி வருகிறது. அப்போது இழப்பிற்கு ஆளாவோர் பெரும்பாலும் தாழ்விடங்களில் குறைந்த வாடகைக்குக் குடியிருக்கும் எளியோரே.

ஹாமில்டன் கால்வாய் வெட்டியவர்களிடம் கருவிகளுக்கோ ஆட்களுக்கோ குறைவில்லை. நிலம் எந்த மட்டத்தில் இருக்கிறது, நீர் எங்கிருந்து எங்கே செல்கிறது என்னும் வினாக்களுக்கு உரிய இடம் தரப்படாமையே குறை. வாய்க்கால் வெட்டுமுன் வாட்டம் பார்க்கும் உழவரின் பழக்கம், நகரங்களை வகுப்போர்க்கும் உரியதாதல் வேண்டும்.

கற்பவை கற்றபின்

1. உங்கள் ஊரிலுள்ள குளம் அல்லது ஏரி ஒன்றின் வரத்துவாய்க்கால், மதகு, மிகைநீர் வெளியேறும் வழி ஆகியவற்றை நேரில் கண்டு வரைபடம் ஒன்று உருவாக்குக.

2. ‘வீண்நிலம் என ஒரு நிலம் உண்டா?’ என்னும் தலைப்பில் வகுப்பில் கலந்துரையாடல் நிகழ்த்துக.