பட்டா இருக்கிறது, தண்ணீர் எங்கே?

சென்னிமலைக்கு மேற்கே, நொய்யலாற்றின் கரையிலே, ஒரத்துப்பாளையம் என்று ஒரு சிற்றூர் இருக்கிறது. ஈரோடு ஜில்லாவும் திருப்பூர் ஜில்லாவும் ஒன்றையொன்று தொடுகின்ற பகுதி அது. கொங்கு நாட்டில் இத்தகைய ஊர்கள் ஆயிரம் உண்டு. அடுத்த தாலுகாவில் இருப்பவர்களுக்குக்கூட அவற்றின் பெயர் தெரியாது. ஆனால் ஒரத்துப்பாளையத்தின் பெயரோ சென்னை ஐகோர்ட்டிலும் டில்லி சுப்ரீம் கோர்ட்டிலும் அடிபட்டது. அதற்கு ஊரார் செய்த புண்ணியமோ பாவமோ ஒன்றுமில்லை. அங்கே கட்டிய அணைதான் காரணம். அந்த அணையின் கதையைப் பலரும் ஆற்றின் கதையாகவே எழுதியிருக்கிறார்கள். நாம் அதைச் சொத்தின் கதையாகப் பார்க்க விரும்புகிறோம்.

கிராமத்தில் சொத்து என்பது யாது? பட்டணவாசிகள் ‘நிலம்’ என்று உடனே விடையளித்துவிடுவார்கள். கொங்கு நாட்டுக் குடியானவனைக் கேட்டால் அவன் முதலில் கிணற்றைக் காட்டுவான். மலை மறைவில் கிடக்கும் பூமியாதலால் இங்கே மழை சொற்பம். வானம் பார்த்த நிலத்துக்குக் காடு என்று பெயர். கிணற்றுப் பாய்ச்சல் உள்ள நிலத்துக்குத் தோட்டம் என்று பெயர். இரண்டிலும் மண் ஒன்றாகவே இருக்கலாம். நடுவே ஒரு கிளுவை வேலி மட்டுமே இருக்கலாம். எனினும் விலையில் மலைக்கும் மடுவுக்கும் உள்ள பேதம். பெண் கொடுக்க வருகிறவர்கள் எத்தனை ஏக்கர் என்று கேட்பதோடு நிற்பதில்லை. கோடையில் கிணறு எத்தனை நாழிகை இறைக்கும் என்றும் கேட்டறிந்த பிறகே வெற்றிலை பாக்கை எடுப்பார்கள்.

அண்ணன் தம்பிகள் பாகம் பிரித்துக்கொள்ளும்போது நிலத்துக்கு வரப்புப் போட்டுவிடலாம். கிணற்றுக்கு நடுவில் வரப்புப் போட முடியுமா? ஆகவே பொதுக்கிணற்றில் நாலில் ஒரு பாகம், மோட்டாரிலும் பம்பிலும் அதே பாகம், வாய்க்காலில் தண்ணீர் கொண்டுபோகும் பாத்தியதை என்றெல்லாம் பத்திரத்தில் எழுதிக்கொள்கிறார்கள். பங்காளிகள் முறை வைத்து இறைக்கிறார்கள். முறை தவறினால் மண்டை உடையும். முன்ஸீப் கோர்ட்டு வரைக்கும் போகும். மோட்டார் வருவதற்கு முன் மாடு கட்டிக் கவலை ஓட்டி இறைத்த காலத்தில், அந்தக் கவலைக்கு வேண்டிய தோல் சாலைத் தைத்துக் கொடுத்தவர்கள் அருந்ததியர். வாரியில் மாட்டை ஓட்டியவர்களிலும் அநேகர் அவர்களே. ஆனால் கிணற்றில் அவர்களுக்குப் பாகம் கிடையாது. மகளிருக்கும் வெகுகாலம் கிடையாது. 1989-ல் தமிழ்நாட்டில் ஹிந்து வாரிசுச் சட்டத்தைத் திருத்திப் பூர்விகச் சொத்தில் குமாரத்திகளுக்கும் சம பாகம் கொடுத்தார்கள். இந்தியா முழுவதற்கும் அந்த உரிமை 2005-ல் வந்தது. சட்டம் வந்த பிறகும், சீரோடு சரி என்று சொல்லி, சகோதரிகளிடம் விடுதலைப் பத்திரத்தில் கையெழுத்து வாங்கிக்கொள்ளும் வழக்கம் ஓய்ந்தபாடில்லை. இதைப் பற்றித் தனியே எழுதவேண்டும்.

இனி அணைக்கு வருவோம். வெள்ளியங்கிரி மலையில் பிறந்து, கோயம்புத்தூரையும் திருப்பூரையும் கடந்து, கரூர் ஜில்லாவில் காவேரியோடு கலப்பது நொய்யல். ஆண்டு முழுவதும் ஓடுகிற ஆறு அல்ல. மழைக்காலத்தில் வரும் வெள்ளத்தைத் தேக்கிவைத்தால்தான் பிரயோஜனம். அந்த எண்ணத்தோடு ஒரத்துப்பாளையத்தில் 16 கோடி ரூபாய்க்கு மேல் செலவிட்டு ஓர் அணையைக் கட்டி 1992-ல் முடித்தார்கள். சுமார் 10,000 ஏக்கருக்குப் பாசனம் என்பது திட்டம். அதில் பெரும்பகுதி கரூர்ப் பக்கத்து நிலம். வரும் தண்ணீரைத் தேக்குவதற்கு எல்லாம் செய்தார்கள். எந்தத் தண்ணீர் வரும் என்பதை மட்டும் யோசிக்கவில்லை.

ஆற்றோடு மேலே சுமார் 30 கிலோமீட்டரில் திருப்பூர் இருக்கிறது. கொடியைப் பிடித்த கையோடு அடிபட்டு 1932 ஜனவரி 11-ந் தேதி குமரன் உயிர்நீத்த ஊர். கதருக்குப் பெயர் பெற்ற ஊர். பிற்காலத்தில் பனியன் உற்பத்தியில் தலையெடுத்து, 1980-க்குப் பிறகு சீமைக்கு ஏற்றுமதி செய்து பெரும் பொருள் ஈட்டிற்று. வெள்ளைப் பனியன் விற்ற காலத்தில் சாயத்துக்கு அத்தனை வேலையில்லை. ஐரோப்பாவும் அமெரிக்காவும் வர்ணச் சட்டைகள் கேட்டபோது சாயப்பட்டறைகள் நூற்றுக்கணக்கில் பெருகின. பருத்தித் துணியில் சாயம் ஏறுவதற்கு உப்பு வேண்டும். அதுவும் கைப்பிடியளவல்ல, மூட்டை மூட்டையாக. சாயத்தில் ஒரு பகுதி துணியில் தங்குகிறது. உப்போ தங்குவதேயில்லை, கழுவிய நீரோடு முழுதும் வெளியேறிவிடுகிறது. சுண்ணாம்பு போட்டு நிறத்தைத் தெளிவிக்கலாம், நாற்றத்தைப் போக்கலாம். கரைந்த உப்பு அதனாலெல்லாம் போகாது. பொதுச் சுத்திகரிப்பு நிலையங்கள் ஏற்பட்ட பிறகும் ஆற்று நீர் உவர்த்தே இருந்ததன் ரகசியம் இதுதான். ஆற்றில் விடும் கழிவுநீரில் கரைந்த பொருள்கள் லிட்டருக்கு 2100 மில்லிகிராமுக்கு மேற்படக் கூடாது என்பது விதி. அந்த எல்லை பட்டறைகளின் கழிவுநீருக்கு ஏட்டுச் சுரைக்காயாகவே இருந்தது.

தினந்தோறும் கோடிக்கணக்கான லிட்டர் இந்நீர் நொய்யலில் விழுந்து, கீழே வந்து, அணையில் தேங்கிற்று. தேங்கியது தரையில் இறங்கிற்று. தரையிலிருந்து கிணறுகளுக்குப் போயிற்று. அணையைத் திறக்கும்படி கேட்க வேண்டிய ஆயக்கட்டுக் குடியானவர்களே, தயவு செய்து திறந்துவிடாதீர்கள் என்று சர்க்காரை மன்றாடும் விபரீதம் நேர்ந்தது. உலகத்தில் வேறெங்கே இப்படி ஒரு மனு எழுதியிருப்பார்கள்?

2003-ல் நொய்யல் ஆற்று ஆயக்கட்டுதாரர் பாதுகாப்புச் சங்கத்தார் சென்னை ஐகோர்ட்டில் வழக்குத் தொடுத்தார்கள். 2006 டிசம்பர் 22-ந் தேதி ஐகோர்ட்டு, ஒரு சொட்டுக் கழிவும் வெளியே வராதபடி பட்டறைகள் ஏற்பாடு செய்துகொள்ள வேண்டுமென்றும், அதுவரை வெளியேற்றும் நீருக்கு லிட்டர்க் கணக்கில் அபராதம் கட்ட வேண்டுமென்றும் உத்தரவிட்டது. அபராதம் பைசாக் கணக்குத்தான். 2009 அக்டோபர் 6-ந் தேதி சுப்ரீம் கோர்ட்டு, கெடுத்தவரே நஷ்டத்தைக் கொடுக்கவேண்டும் என்னும் நியாயத்தை உறுதிசெய்து மூன்று மாதத் தவணை அளித்தது. தவணை கடந்தும் காரியம் நடக்காமற்போகவே, 2011 ஜனவரி 28-ந் தேதி ஐகோர்ட்டு சாயப்பட்டறைகள் அனைத்தையும் மூடச் சொல்லிவிட்டது. பின்னர் சர்க்கார் 200 கோடி ரூபாய் வட்டியில்லாக் கடன் கொடுக்க, நீரையும் உப்பையும் பிரித்து மீண்டும் உபயோகிக்கும் நிலையங்கள் படிப்படியாக வேலை தொடங்கின. இது பெரிய காரியம் என்பதை மறைக்க நமக்கு விருப்பமில்லை. ஆயினும் மழை நாட்களில் ஆற்றில் வர்ணம் கலந்து ஓடுவதாக இன்றும் அவ்வப்போது செய்திகள் வருகின்றன. தரையில் இறங்கிய உப்பு உத்தரவைப் படித்துவிட்டு வெளியேறுவதில்லை.

இவ்வளவுக்கும் நடுவே, ஒரத்துப்பாளையத்துக் குடியானவனின் பட்டாவில் ஓர் எழுத்தும் மாறவில்லை. சர்வே எண் அதுவே, விஸ்தீரணம் அதுவே, கிணற்றில் நாலில் ஒரு பாகமும் அப்படியே இருக்கிறது. ரஸ்தா போடுவதற்கு சர்க்கார் பத்து சென்ட் எடுத்தாலும் அதற்கு நோட்டீசு உண்டு, விசாரணை உண்டு, கிரயம் உண்டு. கிணற்றை உப்பாக்கித் தோட்டத்தைக் காடாக்கினால் நோட்டீசு ஏது? எடுத்துக்கொண்டவர் பெயர் எந்தப் பத்திரத்திலும் இல்லை. எனவே எடுத்ததாகவே ஆகவில்லை!

நஷ்டஈடு கொடுக்கவில்லையா என்று கேட்கலாம். சுற்றுச்சூழல் சேதத்துக்கு ஈடு நிர்ணயிக்க ஏற்பட்ட அதிகார சபை 2004-ல் கணக்கெடுத்தது. 68 கிராமங்களில் 28,596 பேருக்குச் சுமார் 24.8 கோடி ரூபாய் என்று தீர்மானித்தது. கோடி என்ற சொல்லைக் கேட்டுப் பிரமிக்கும் நேயர்கள் வகுத்துப் பார்க்கவேண்டும்: சராசரி ஆளுக்கு 8,700 ரூபாய்க்கும் குறைவு. ஒரு கறவை மாட்டுக்குப் போதுமா என்பது சந்தேகம். வந்ததே லாபம் என்று வாங்கிக்கொண்டவர்களை நாம் குறை கூறமாட்டோம். நம் வினா வேறு. ஈடு நிலத்தின் பேரில் கணக்கிடப்பட்டது. நிலமே இல்லாதவன் இழந்ததை எந்த ஏட்டில் எழுதினார்கள்? தோட்டத்தில் மஞ்சள் வெட்டியும் களை எடுத்தும் பெற்ற கூலி அவனுடைய சொத்து. ஆற்றங்கரையில் ஆடு மேய்த்த பாத்தியதை அவனுடைய சொத்து. பொதுக்கிணற்றில் மொண்ட குடிநீர் அவன் மனைவியின் சொத்து. இவற்றுக்குப் பட்டா கிடையாது. ஆதலால் இவை போனதற்கு ஈடும் கிடையாது.

அப்படிப்பட்டவன் என்ன செய்தான்? பஸ் ஏறினான்.

திருப்பூரைச் சுற்றியுள்ள கிராமங்களில் காலை ஏழு மணிக்கும் எட்டு மணிக்கும் இடையே ரஸ்தாவில் நின்று பார்ப்பவர்களுக்கு நாம் விளக்கவேண்டியதில்லை. கம்பெனிகளின் வேன்களும் பஸ்களும் ஊர் ஊராக வந்து ஆட்களை ஏற்றிச் செல்கின்றன. இளைஞர்கள் மொபெட்டிலும் மோட்டார் சைக்கிளிலும் போகிறார்கள். 2021 மே மாதம் முதல் சாதாரண டவுன் பஸ்களில் பெண்களுக்குக் கட்டணமில்லை. தினக்கூலியில் ஒரு பகுதியை டிக்கெட்டுக்கே கொடுத்துவந்த ஸ்திரீகளுக்கு அது கண்கூடான உதவி. ஆனால் பனியன் கம்பெனிகளில் காலை எட்டரைக்கு ஏறினால் இரவு எட்டரை வரை ஒன்றரை ஷிப்டு என்பது சகஜம். அந்த நேரத்துக்குமேல் சிற்றூர்களுக்குப் போகிற டவுன் பஸ்கள் அபூர்வம். இலவசப் பயணம் சூரியன் இருக்கும்வரை. பிறகு கம்பெனி வேனையே நம்பியிருக்கவேண்டும். வேனை நம்பியிருப்பவள், இன்று அதிக நேரம் வேலை செய்ய இயலாது என்று எப்படிச் சொல்வாள்?

இதில் மற்றொரு பக்கமும் உண்டு. பண்ணையத்தில் அடங்கிக் கிடந்த தாழ்த்தப்பட்ட குடும்பங்களுக்கு இந்த பஸ் ஒரு விடுதலைதான். தோட்டக்காரரின் முகத்தைப் பார்த்து நிற்கவேண்டியதில்லை. தனிக் குவளையில் தேநீர் குடிக்க வேண்டியதில்லை. சனிக்கிழமை சம்பளம் கையில். அதே வட்டாரத்தில் விசைத்தறிக்கு முன்பணம் வாங்கிவிட்டு, கடன் தீராமல் தறியோடு கட்டுண்டு கிடக்கும் குடும்பங்களையும் பார்க்கிறோம். கொத்தடிமை ஒழிப்புச் சட்டம் வந்தது 1976-ல்! பிரயாணம் செய்ய முடிந்தவன் தப்பினான், முடியாதவன் அகப்பட்டான். ஆகையால் கிராமத்தார் பட்டணம் போவதைப் பார்த்துக் கண்ணீர் வடிப்பதில் நமக்குச் சம்மதமில்லை. நம்மை உறுத்துவது வேறு. ஊரின் தண்ணீரைக் கெடுத்த தொழிலிடமே ஊர் ஜீவனத்துக்குப் போய் நிற்கவேண்டியதாயிற்று. 2011-ல் பட்டறைகளை மூடியபோது கம்பெனிகளில் வேலை குறைந்து, கெடுதியை அனுபவித்த அதே கிராமங்களில் அடுப்பு எரிவது சிரமமாயிற்று. ஆற்றுக்கு நியாயம் கிடைத்த வாரத்தில் ஆற்றங்கரையானுக்குக் கூலி கிடைக்கவில்லை.

மனிதர் மாத்திரமா பிரயாணம் செய்தார்கள்? தண்ணீரும் செய்தது. 1990-களில் சுற்றுப்புறக் கிராமத்துக் கிணறுகளிலிருந்து லாரி லாரியாகத் தண்ணீரைப் பட்டறைகள் விலைக்கு வாங்கின. பயிருக்குப் பாய்ச்சுவதைவிட லாரிக்கு ஊற்றுவது லாபமாயிருந்ததால் குடியானவர்களில் சிலர் விற்றார்கள். அடுத்த தோட்டத்துக் கிணறு வற்றியது அவர்கள் கணக்கில் சேரவில்லை. பிறகு 2005-ல் பவானிப் பக்கத்திலிருந்து சுமார் 55 கிலோமீட்டர் தூரம் குழாய் போட்டு, தினம் 18.5 கோடி லிட்டர் கொண்டுவரும் திட்டம் திருப்பூருக்கு வந்தது. நல்ல தண்ணீர் குழாயில் மேலே போயிற்று. கெட்ட தண்ணீர் ஆற்றில் கீழே வந்தது.

இது நமது நாட்டுக்கு மட்டும் நேர்ந்த விதியென்று நினைக்கவேண்டாம். ஜாவாத் தீவில் பாண்டுங் நகரத்தருகே சிட்டாரும் என்றோர் ஆறு ஓடுகிறது. துணி ஆலைகளின் கழிவால் அந்த ஆற்றங்கரைக் கிராமங்களில் நெல்வயல்களும் மீனும் கெட்டன. 1955-ல் ஆசிய ஆப்பிரிக்க தேசங்களின் மகாநாடு கூடிய அதே பாண்டுங்தான்! ராஞ்சாஎக்கெக் என்னும் பகுதிக்காகச் சில சங்கங்கள் வழக்காடியதன் பேரில், 2016-ல் அங்குள்ள நிர்வாகக் கோர்ட்டு மூன்று ஆலைகளின் கழிவுநீர் அனுமதியை ரத்துச் செய்தது. 2018-ல் இந்தோனேஷிய ஜனாதிபதி ஆற்றைச் சுத்தம் செய்யப் படைவீரர்களையும் சேர்த்து ஏழாண்டுத் திட்டம் ஒன்று வகுத்தார். சட்டை அணிகிறவர்கள் லண்டனிலும் நியூயார்க்கிலும் இருக்கிறார்கள். உப்பு மாத்திரம் ஆசியாவின் கிணறுகளில் தங்குகிறது.

சர்க்காரிடம் நாம் கோருவது சொற்பமே. கிராம நிர்வாக அதிகாரி ஆண்டுதோறும் அடங்கல் எழுதுகிறார். எந்தச் சர்வே எண்ணில் என்ன பயிர், பாசனம் எதிலிருந்து என்பதெல்லாம் அதில் பதிவாகிறது. அதோடு, நொய்யல் கரையிலுள்ள கிராமங்களிலாவது, கிணற்று நீரின் உப்பளவு என்று ஒரு கலம் சேர்க்கட்டும். ஒவ்வொரு கோடையிலும் ஒவ்வொரு கிணற்றிலும் அளந்து எழுதட்டும். நாளை நஷ்டஈட்டு வழக்கு வந்தால் குடியானவன் நிபுணர்களைத் தேடி அலையவேண்டாம். அடங்கல் நகலை நீட்டினால் போதும். நிலமில்லாத குடும்பங்களுக்கு ரேஷன் கார்டை ஆதாரமாகக் கொண்டு, வேலையிழந்த நாட்களைக் கணக்கிடட்டும். திருப்பூரிலிருந்து காங்கேயம், ஊத்துக்குளி, சென்னிமலைப் பக்கங்களுக்கு இரவு ஒன்பது மணிக்குமேல் கட்டணமில்லாத டவுன் பஸ்களை விடட்டும். உப்பை அளக்கும் கையடக்கக் கருவி கடைத்தெருவில் சில நூறு ரூபாய்க்கு விற்கிறது. அதை நீரில் தோய்த்தால் அரை நிமிஷத்தில் எண்ணைக் காட்டிவிடுகிறது. வரும் பசலியின் அடங்கலிலேயே அந்த எண்ணை எழுதத் தொடங்கலாம்.