முதலில் கை, பிறகு திரை

கடைமடைக் கிராமம் ஒன்றின் நடுநிலைப் பள்ளியில் நான் அறிவியல் ஆசிரியை. வகுப்புக்கு ஸ்மார்ட் போர்டு வந்த புதிதில், ஏழாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு மின்னோட்டம் பற்றி இருபது நிமிட வீடியோ போட்டேன். இமைக்காமல் பார்த்தார்கள். மறுநாள், "நேத்து என்ன பாத்தோம்?" என்று கேட்டேன். "நல்லா இருந்துச்சு டீச்சர்" என்றான் ஒருவன். அதற்கு மேல் யாருக்கும் எதுவும் நினைவில்லை. தப்பு என்னுடையது. அந்த இருபது நிமிடத்தில் நான் அவர்களிடம் ஒரு கேள்விகூடக் கேட்கவில்லை.

இப்போது அதே பாடத்துக்கு 'பெட்' என்ற இலவசத் தளத்தைப் பயன்படுத்துகிறேன். 2001-ல் இயற்பியல் நோபல் பரிசு பெற்ற கார்ல் வீமன், மறு ஆண்டே அமெரிக்காவின் கொலராடோ பல்கலைக்கழகத்தில் தொடங்கியது அது. பேட்டரி, ஒயர், பல்பு எல்லாவற்றையும் திரையிலேயே இழுத்து மாட்டலாம். ஒயருக்குள் எலக்ட்ரான்கள் நீலப் புள்ளிகளாக ஓடும். முன்கூட்டியே லேப்டாப்பில் இறக்கி வைத்துக்கொண்டால், பள்ளியில் நெட் போனாலும் பாடம் நிற்காது.

ஒரு பேட்டரி, தொடர் இணைப்பில் இரண்டு பல்பு. சுவிட்சைப் போடாமல் கேட்டேன்: "எது அதிக வெளிச்சமா எரியும்?" பதிலை நோட்டில் எழுதிவிட்டுக் கை தூக்கச் சொன்னேன். பாதிக்கு மேல் முதல் பல்புக்குத்தான் ஓட்டு. "அது குடிச்சது போக மிச்சம்தானே டீச்சர் அடுத்ததுக்குப் போகும்?" மேல்மடை பாய்ந்தபிறகே தண்ணீரைப் பார்க்கும் ஊர்ப் பிள்ளைகள் வேறெப்படி நினைப்பார்கள்?

சுவிட்சைப் போட்டேன். இரண்டும் ஒரே மாதிரி எரிந்தன. புள்ளிகளும் எல்லா இடத்திலும் ஒரே வேகத்தில் ஓடின. மின்னோட்டம் வழியில் தீர்ந்துபோவதில்லை, பல்புகள் எடுத்துக்கொள்வது ஆற்றலை என்று அப்போது சொன்னேன். எழுதியது தப்பாகிப்போனதால் காது கொடுத்துக் கேட்டார்கள்.

ஆனாலும் ஒருவனுக்குச் சந்தேகம். "கம்ப்யூட்டர்ல அப்படி வெச்சிருப்பாங்க டீச்சர்." சரியென்று கடையில் வாங்கிய டார்ச் பல்புகளை மாட்டினோம். முதல் பல்பு பளிச், இரண்டாவது மங்கல்! எனக்கு வியர்த்துவிட்டது. பின்வரிசைப் பெண் ஒருத்திதான் காப்பாற்றினாள்: "ரெண்டையும் இடம் மாத்திப் பாப்போமா டீச்சர்?" மாற்றினோம். பளிச்சென்று எரிந்த பல்பு இரண்டாம் இடத்திலும் பளிச்சென்றே எரிந்தது. காரணம் இடம் இல்லை, பல்புதான். தொடர் இணைப்பில் மின்தடை கூடுதலான பல்பு அதிக வெளிச்சம் தரும். திரையில் இருந்த இரண்டும் ஒரே மின்தடை கொண்டவை. கடைப் பல்புகள் அப்படி இல்லை.

கண்ணுக்குத் தெரியாத எலக்ட்ரானைக் காட்டத் திரை வேண்டும். அந்தப் பெண்ணுக்கு அந்தக் கேள்வி தோன்ற, கையில் நிஜ பல்பும் வேண்டியிருந்தது.

வீட்டிலும் இப்படி முதலில் கேட்டுவிட்டுப் பிறகு காட்டலாம். 2018-ல் வரத் தொடங்கிய நம் புதிய பாடநூல்களிலேயே கியூஆர் கோடு இருக்கிறது. வீட்டில் உங்கள் போனில் பிள்ளை அதை ஸ்கேன் செய்து வீடியோ பார்த்தால், பாதியில் ஒருமுறை நிறுத்துங்கள். "அடுத்து என்ன ஆகும்னு நினைக்கிறே?" என்று கேளுங்கள். பிள்ளை பதில் சொன்னபிறகு ஓடவிடுங்கள்.