முதலிடம் யாருக்கு? முடிவு செய்வது யார்?

கோடை பிறக்கிறது, பள்ளிக்கூடங்கள் பூட்டப்படுகின்றன, கூடவே ஒரு பட்டியலும் பிறந்துவிடுகிறது! "இந்தக் கோடையில் காண வேண்டிய பத்து இடங்கள்", "இந்தியாவின் தலைசிறந்த கடற்கரைகள்", "உலகின் முதல் இருபத்தைந்து" என்று ஏட்டுக்கு ஏடு, கைப்பேசிக்குக் கைப்பேசி வலம் வருகின்றன. பரீட்சை எழுதிய பிள்ளைகளுக்கு ஒட்டுவதுபோல ஊர்களுக்கு வரிசை எண் ஒட்டப்படுகிறது.

பரீட்சை வைத்தவர் யார்? கேள்வித்தாள் எங்கே? விடைத்தாளைத் திருத்தியவர் யார்? கேட்பார் இல்லை! முதலிடம் என்று அச்சில் வந்துவிட்டது, ஆகவே அது முதலிடம்!

இது பணம் படைத்தோரின் பொழுதுபோக்கு, நமக்கென்ன என்று தள்ளிவிட வேண்டாம், தோழர்களே. ஆலையில் பாடுபட்டு, மாதாமாதம் சிறுகச் சிறுகச் சேர்த்து, பெண்டு பிள்ளைகளுடன் நான்கு நாள் வெளியூர் போய்வர எண்ணும் தொழிலாளிக்குத்தான் இந்தப் பட்டியலால் வரும் நட்டம் பெரிது. பணக்காரன் ஏமாந்தால் அடுத்த மாதம் வேறோர் ஊருக்குப் போவான். பாட்டாளி ஏமாந்தால் அவனுக்கு அடுத்த கோடைதான். அதுவும் கையில் காசு மிஞ்சினால்!

டயர் தேய வேண்டும்!

பட்டியல் எங்கே பிறந்தது என்று பார்த்தால், அது எதற்காகப் பிறந்தது என்பது விளங்கிவிடும். 1900ஆம் ஆண்டு. பிரான்சு நாட்டில் மோட்டார் வண்டிகள் சில ஆயிரமே ஓடிய காலம். மிஷலின் என்ற டயர் கம்பெனி ஒரு கையேட்டை அச்சிட்டு இலவசமாக வழங்கிற்று. எங்கே தங்கலாம், எங்கே பெட்ரோல் கிடைக்கும் என்ற விவரமெல்லாம் அதில் இருந்தது. தருமமா? இல்லை. மக்கள் ஊர் சுற்றினால் வண்டி ஓடும். வண்டி ஓடினால் டயர் தேயும். டயர் தேய்ந்தால் விற்பனை பெருகும்! 1926இல் அதே கையேடு நல்ல உணவு விடுதிகளுக்கு நட்சத்திரம் சூட்டத் தொடங்கிற்று. இன்று அந்த நட்சத்திரத்துக்கு உலகமே ஏங்குகிறது.

அந்த நட்சத்திரங்கள் அத்தனையும் பொய் என்று சொல்ல வரவில்லை. தன்னை யாரென்று காட்டிக்கொள்ளாமல் சென்று, காசு கொடுத்து உண்டு, பிறகு எழுதுவதே அவர்கள் முறை. ஆனால் எந்த நாட்டுக்குப் போவது? தாய்லாந்தின் உல்லாசப் பயணத் துறை, 2017 முதல் ஐந்தாண்டுக்கு 14 கோடியே 40 இலட்சம் பாத் தந்து அந்தக் கையேட்டைத் தன் நாட்டுக்கு வரவழைத்தது. நீதிபதி நேர்மையானவராகவே இருக்கட்டும். அவர் வந்து உட்காருவதற்கே ஊர் கட்டணம் கட்ட வேண்டுமானால், கட்ட முடியாத ஊர் எப்போது வழக்காடும்?

வாக்கெடுப்பும் வணிகமும்

நிபுணர் வேண்டாம், மக்களே தீர்ப்புச் சொல்லட்டும் என்பார்கள். அதையும் பார்த்தோம். உலகின் புதிய ஏழு அதிசயங்கள் என்று ஒரு வாக்கெடுப்பு நடந்தது. நம் மதுரை மீனாட்சியம்மன் கோயிலும் தொடக்கப் பட்டியலில் இருந்ததால், தமிழ்நாட்டிலும் பரபரப்பு. 2007 ஜூலை 7 அன்று லிஸ்பன் நகரில் முடிவு அறிவித்தார்கள். ஆனால் அதற்கு முன்பே, இதற்கும் எங்களுக்கும் தொடர்பில்லை, இது இணைய வசதி உள்ளவர்களின் கருத்தை மட்டுமே காட்டும் தனியார் முயற்சி என்று யுனெஸ்கோ கைகழுவிவிட்டது. கட்டணம் கட்டித் தொலைபேசியில் அழைத்தும் வாக்களிக்கலாம். ஒருவரே பலமுறை வாக்களிக்கலாம்! பஞ்சாயத்துத் தேர்தலில் இப்படி நடந்தால் சும்மா விடுவோமா?

அதே அமைப்பு இயற்கை அதிசயங்களுக்கும் போட்டி வைத்தது. எதிர்பாராத பெருஞ்செலவு கோரப்படுகிறது என்று கூறி, 2011இல் மாலத்தீவு அரசு அந்தப் போட்டியிலிருந்தே விலகிற்று. அந்தத் தீவுகளின் அழகு அன்றைக்கு ஒரு குண்டுமணி அளவு குறைந்துவிட்டதா? இல்லை. அரசுதான் போட்டியிலிருந்து ஒதுங்கிற்று!

இன்னொரு கூத்து 2017இல் லண்டனில் நடந்தது. ஓர் இளம் எழுத்தாளர், தான் குடியிருந்த தோட்டத்துக் கொட்டகையை உணவு விடுதி என்று இணையத்தில் பதிந்தார். நண்பர்களைக் கொண்டு புகழுரை எழுத வைத்தார். அடுப்பு மூட்டவில்லை, இலை போடவில்லை. ஆயினும் அந்நகரின் பதினெட்டாயிரத்துக்கு மேற்பட்ட விடுதிகளில் அதற்கே முதலிடம்! டிரிப் அட்வைசர் என்ற அந்த நிறுவனமே, 2022ஆம் ஆண்டில் வந்த மதிப்புரைகளில் 13 இலட்சம் போலி என்று கணக்குச் சொன்னது. அகப்பட்டவை 13 இலட்சம், அகப்படாதவை எத்தனையோ! இந்தியத் தர நிர்ணய அமைவனம் 2022 நவம்பரில் இணைய மதிப்புரைகளுக்கென விதிமுறை வகுத்து வெளியிட்டது. நோயே இல்லையென்றால் மருந்தெதற்கு?

சர்க்கார் கணக்கு சரியாக இருக்குமா? 2015இல் உள்நாட்டுப் பயணிகளின் வருகை 33 கோடிக்கு மேல் என்று காட்டித் தமிழ்நாடு முதலிடம் பெற்றது. நமக்குப் பெருமைதான். ஆனால் எண்ணியது வருகைகளை, ஆட்களை அல்ல. ஒருவர் மதுரையில் ஓரிரவு, இராமேசுவரத்தில் ஓரிரவு, கன்னியாகுமரியில் ஓரிரவு தங்கினால், அவரே மூன்று வருகை! பொய்க் கணக்கல்ல, ஆனால் மனமகிழ்ச்சியை அளக்கும் கணக்குமல்ல.

பெரியபட்டினத்தை எப்படி அளப்பது?

இராமநாதபுரம் மாவட்டத்துப் பெரியபட்டினத்தை எடுத்துக்கொள்வோம். 14ஆம் நூற்றாண்டில் இபன் பதூதா வந்து தங்கியதாகச் சொல்லும் 'பத்தன்' துறைமுகம் இதுதான் என்பது அறிஞர் சிலரின் முடிவு. அகழ்ந்து பார்த்தபோது சீனத்துப் பீங்கான் ஓடுகள் கிடைத்தன. எந்தப் பட்டியலில் முதலிடம் என்று பார்த்துச் சீனத்துச் சரக்கு இங்கே வந்தது? முத்துக்கும் வாணிபத்துக்கும் பேர்பெற்ற கரை, தேடி வந்தார்கள்!

அந்த இபன் பதூதாவின் நூலிலேயே, எழுதிக்கொடுத்தவர் முந்தைய பயணியான இபன் ஜுபைரின் ஏட்டிலிருந்து பல பகுதிகளை எடுத்துச் சேர்த்துவிட்டதாக ஆய்வாளர்கள் காட்டியிருக்கிறார்கள். நேரில் போய்வந்தவர் நூலிலேயே கலப்படம் என்றால், நாற்காலியை விட்டு நகராமல் பட்டியல் போடுபவரை என்னென்பது!

இந்தக் கரையில் கடல் இரண்டு. வடக்கே பாக் நீரிணை, பெண் கடல் என்பார்கள். தெற்கே மன்னார் வளைகுடா, ஆண் கடல். பெரியபட்டினம் தென்கடலோரத்து ஊர். தென்மேற்குக் காற்று எழுந்துவிட்டால் வடகடல் அடங்கியிருக்க, தென்கடல் கொந்தளிக்கும். மாதம் பார்த்து, காற்றுப் பார்த்துப் பேச வேண்டிய கடலைச் "சிறந்த கடற்கரை" என்று ஒரே சொல்லில் முடித்துவிட முடியுமா?

ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை, 61 நாள், கிழக்குக் கரையில் விசைப்படகுகளுக்கு மீன்பிடித் தடை. கோடை விடுமுறையும் அதே நாட்கள்தான்! பயணிக்குக் கொண்டாட்டமான மாதங்கள், படகுத் தொழிலாளிக்குத் திண்டாட்டமான மாதங்கள். வளைகுடாவின் 21 தீவுகளும் 1986 முதல் கடல்சார் தேசியப் பூங்கா; நினைத்தபடி அங்கே கால் வைக்க முடியாது. அவற்றுள் பூவரசன்பட்டி, விலங்குசல்லி என்ற இரண்டு கடலில் மூழ்கிப்போயின. சுண்ணாம்புக்காகப் பவளப்பாறையை வெட்டியெடுத்ததும் அதற்குக் காரணம். எத்தனை பட்டியல் இதைச் சொல்லும்?

இன்னொன்றும் உண்டு. 2022 டிசம்பரில் பழைய பாம்பன் பாலத்தில் ரயில் நின்றது. புதிய பாலம் திறந்தது 2025 ஏப்ரல் 6. இடைப்பட்ட இரண்டேகால் ஆண்டில், 'கடல்மேல் ரயிலில் போகலாம்' என்ற பழைய பட்டியலை நம்பி வந்த குடும்பம், தீவுக்கு இக்கரையிலேயே இறங்கி மூட்டை முடிச்சோடு பேருந்து தேட வேண்டியிருந்தது.

பட்டியலே வேண்டாமா?

வேண்டும். ஆனால் அளவுகோலைக் காட்டும் பட்டியல் வேண்டும். நீலக்கொடி என்ற கடற்கரைச் சான்றிதழ் இருக்கிறது. நீரின் தூய்மை, பாதுகாப்பு என்று 33 நிபந்தனைகள். அவற்றை வெளிப்படையாக அறிவித்திருக்கிறார்கள். சென்னையை அடுத்த கோவளம் 2021இல் அதைப் பெற்றது. அங்கே முதலிடம், இரண்டாமிடம் இல்லை. தேறியது அல்லது தேறவில்லை, அவ்வளவே. ஆண்டுதோறும் மீண்டும் தேற வேண்டும். அதுவும்கூட அறை வாடகை என்ன, வலை காயப்போட மீனவனுக்கு இடம் மிஞ்சியதா என்று சொல்லாது. ஆயினும், சொல்வதை எதைக்கொண்டு சொல்கிறது என்பது தெரிகிறதே!

ஆகவே பட்டியல் கைக்கு வந்ததும் நான்கு கேள்வி கேளுங்கள். தொகுத்தவர் யார்? காசு கொடுத்தவர் யார்? எதை அளந்தார்கள்? எந்த ஆண்டு, எந்த மாதம் அளந்தார்கள்? நான்குக்கும் விடை இருந்தால் விவரத்தை எடுத்துக்கொள்ளுங்கள். விடை இல்லையென்றால் விளம்பரம் என்று ஒதுக்குங்கள். இரண்டிலும் வரிசை எண்ணை மட்டும் நம்ப வேண்டாம். பிறகு, சென்ற ஆண்டு இதே மாதத்தில் அங்கே போய்வந்த சக தொழிலாளியைக் கேளுங்கள். குடிநீர் உண்டா, கழிப்பிடம் உண்டா, குழந்தைக்கு நிழல் உண்டா, கடைசிப் பேருந்து எத்தனை மணிக்கு என்று அவர் சொல்வார். அவருக்கு விற்பதற்கு எதுவும் இல்லை!

விடுமுறை யாரோ இட்ட பிச்சையல்ல. 1936இல் பிரான்சுத் தொழிலாளர் ஆலைகளில் வேலைநிறுத்தம் செய்துதான் ஆண்டுக்கு இரண்டு வாரச் சம்பள விடுப்பைப் பெற்றனர். இந்தியாவில் 1948ஆம் ஆண்டுத் தொழிற்சாலைச் சட்டம், 240 நாள் வேலை செய்தவருக்கு 20 நாளுக்கு ஒரு நாள் என்று சம்பளத்தோடு விடுப்பு வகுத்தது. இன்றும் அன்றாடக் கூலிக்கு உழைப்பவர்களில் கோடிக்கணக்கானோருக்கு அது எட்டாக்கனி. வேர்வை சிந்திப் பெற்ற அந்த நாட்களை எங்கே கழிப்பது என்பதையாவது நாமே முடிவு செய்வோம். நமக்கு எது முதலிடம் என்று எண்ணிச் சொல்ல, எவனுடைய டயரும் தேய வேண்டியதில்லை!