விமானத்தில் பாப்பா ஏன் அழுகிறது? கொஞ்சம் பாயில், கொஞ்சம் நியூட்டன்



"கைக்குழந்தையோட விமானப் பயணமா? நமக்கு எதுக்குப்பா இதெல்லாம்?"னு அடுத்த பக்கத்துக்குத் தாவிடாதீங்க. அக்காவோ அண்ணியோ குழந்தையைத் தூக்கிக்கிட்டு வெளிநாடு கிளம்பும்போது, "லீவுதானே, நீயும் துணைக்குப் போயிட்டு வா"ன்னு வீட்ல கைகாட்டுற ஆள் நாமதான். எனக்கு அப்படித்தான் நடந்தது.

மாமாவுக்கு சிங்கப்பூர்ல வேலை. போன செமஸ்டர் லீவுல அக்காவையும் ஆறு மாசப் பாப்பாவையும் கூட்டிக்கிட்டு சென்னையிலிருந்து கிளம்பினேன். சுமார் நாலு மணி நேரப் பயணம். ஏறும்போது ஒரு சத்தமும் இல்லை. நடுவானத்துல அக்கா வயிறு நிறையப் பால் கொடுத்தாங்க, பாப்பா தூங்கிட்டா. "எவ்வளவு சமத்து"ன்னு நானே பெருமைப்பட்டேன். விமானம் இறங்க ஆரம்பிச்ச கொஞ்ச நேரத்துல வீல்னு ஒரு அலறல். அதுக்கப்புறம் இருபது இருபத்தஞ்சு நிமிஷம் நிக்கவே இல்லை. டயப்பர் பார்த்தாச்சு, தோள்ல போட்டுத் தட்டியாச்சு, கிலுகிலுப்பை ஆட்டியாச்சு. பால் கொடுத்தா வாயைத் திருப்பிக்கிறா. முன் சீட்காரர் மூணு தடவை திரும்பிப் பார்த்தார். அக்கா கண்ணுல தண்ணி. "நீ இன்ஜினியரிங்தானேடா படிக்கிற, என்னடா ஆகுது இவளுக்கு?"ன்னு கேட்டாங்க.

ஃப்ளூயிட் மெக்கானிக்ஸ் பேப்பரை அப்போதான் எழுதி முடிச்சிருந்தேன். ஆனா என்கிட்ட பதில் இல்லை. ஊருக்கு வந்ததும் உட்கார்ந்து படிச்சேன். அதைத்தான் இங்கே எழுதுறேன்.

விமானத்துக்குள்ளே ஒரு ஊட்டி

கடல் மட்டத்தில் காற்றழுத்தம் சுமார் 101 கிலோபாஸ்கல். 36,000 அடி உயரத்தில் வெளியே இருப்பது சுமார் 23 கிலோபாஸ்கல்தான். அந்தக் காற்றில் மனுஷன் உயிரோடு இருக்க முடியாது. அதனால் கேபினுக்குள் காற்றை அழுத்தி நிரப்புறாங்க.

அப்போ தரையில் இருக்கிற 101-ஐ அப்படியே வெச்சுக்கலாமே? வெச்சுக்கலாம். ஆனா உள்ளுக்கும் வெளிக்கும் அழுத்த வித்தியாசம் கூடக்கூட விமானத்தின் உடல் அதிகத் தகைவைத் தாங்கணும். ஒவ்வொரு பயணத்திலும் ஊதி, சுருங்கி, ஊதி, சுருங்கி உலோகம் களைப்படையும். பலமாகக் கட்டினால் எடை கூடும். அதனால் ஒரு சமரசம்: கேபின் அழுத்தம், 8,000 அடி உயர மலையில் இருக்கும் அழுத்தத்துக்குக் கீழே போகக் கூடாது. அது சுமார் 75 கிலோபாஸ்கல். கார்பன் இழைக் கலவையால் செய்த போயிங் 787 மாதிரி விமானங்களில் இது 6,000 அடி அளவுக்கே நிறுத்தப்படுது.

நம்ம கணக்குல சொன்னா, ஊட்டி சுமார் 7,350 அடி, தொட்டபெட்டா சுமார் 8,650 அடி. இரண்டுக்கும் நடுவுல ஒரு இடத்தில்தான் நீங்க சீட் பெல்ட் போட்டு உட்கார்ந்திருக்கீங்க. மேட்டுப்பாளையத்திலிருந்து ஊட்டிக்கு பஸ்ல போயிருந்தா காது அடைக்கிறது தெரியும். பஸ்ஸுக்கு அதுக்கு ஏறக்குறைய ரெண்டு மணி நேரம் ஆகும். விமானம் அதே மலையை அரை மணி நேரத்துக்குள்ள ஏற்றி இறக்கிடுது.

காதுக்குள் ஒரு வால்வு

செவிப்பறைக்குப் பின்னால் நடுக்காது என்ற சின்னக் காற்று அறை இருக்கு. அதிலிருந்து தொண்டையின் மேல்பகுதிக்கு ஒரு மெல்லிய குழாய் போகுது, பேர் யூஸ்டேஷியன் குழாய். சாதாரணமா அது மூடியே இருக்கும். விழுங்கும்போதும் கொட்டாவி விடும்போதும் ஒரு கணம் திறக்கும். உள்ளே வெளியே அழுத்தத்தைச் சமன் செய்ய அதுதான் ஒரே வழி.

விமானம் ஏறும்போது கேபின் அழுத்தம் குறையுது. நடுக்காதில் இருக்கிற காற்று விரிஞ்சு, குழாயைத் தானே தள்ளித் திறந்துக்கிட்டு வெளியே போயிடும். பெரிய பிரச்சினை இல்லை. எங்க பாப்பா ஏறும்போது அழாததுக்கு இதுதான் காரணம்.

இறங்கும்போது நிலைமை தலைகீழ். கேபின் அழுத்தம் கூடுது, நடுக்காதில் குறைஞ்ச அழுத்தக் காற்று மாட்டிக்கிட்டு இருக்கு. வெளியிலிருந்து காற்று உள்ளே போகணும், ஆனா தொண்டைப் பக்கத்துச் சதை ஒருவழி வால்வு மாதிரி மூடிக்குது. தசையை வேலை செய்ய வைக்காம திறக்காது. இன்னொரு சிக்கலும் உண்டு. வித்தியாசம் சுமார் 90 மில்லிமீட்டர் பாதரச அளவை எட்டினால் தசையாலும் திறக்க முடியாதபடி குழாய் ஒட்டிக்கும். அந்த நிலைமையில் செவிப்பறை உள்ளே இழுக்கப்பட்டு, வலி உயிர் போகும்.

நாம மிட்டாய் சப்புவோம், மூக்கைப் பிடிச்சு ஊதுவோம். குழந்தைக்கு அது தெரியாது. அதோட குழந்தையின் குழாய் குட்டையா, குறுகலா, கிட்டத்தட்ட படுக்கை வாட்டத்தில் இருக்கும். சளி இருந்தா சுலபமா அடைச்சுக்கும். தூக்கத்தில் விழுங்குவதும் குறைவு. பாப்பா தூங்கிக்கிட்டே இறங்கினா, பாதி மலை இறங்கியும் காது மட்டும் ஊட்டியிலேயே நிக்குது. வலியில்தான் முழிப்பு வருது.

எப்போ பால் கொடுக்கணும்?

எங்க தப்பு இப்போ புரிஞ்சிருக்கும். நடுவானத்துல வயிறு நிறையக் கொடுத்துட்டு, வேணுங்கிற நேரத்தில் பசி இல்லாம பண்ணிட்டோம்.

கணக்கு இதுதான். பயணிகளின் காதுக்காக, கேபின் அழுத்தம் நிமிஷத்துக்கு சுமார் 300 அடி இறங்குற வேகத்தில்தான் மாற்றப்படும். 8,000 அடியை 300-ஆல் வகுத்தா சுமார் 27 நிமிஷம். பாப்பா அழுத நேரத்தோடு ஒத்துப்போகுது பாருங்க! ஆக, சக்கரம் தரையைத் தொடுறதுக்கு அரை மணி நேரம் முன்னாடியே காதுக்கு வேலை ஆரம்பம். ஜன்னல்ல ஊர் விளக்கு தெரிஞ்சதும் பால் பாட்டிலைத் தேடினா லேட்.

* இறங்கப் போறோம்னு அறிவிப்பு வந்ததும் ஆரம்பிங்க. எப்போ வரும்னு பணிப்பெண்ணிடம் முன்கூட்டியே கேட்டு வெச்சுக்கலாம்.
* குழந்தை தூங்கினா மெதுவா எழுப்புங்க. மனசு வராது, ஆனா வலியில் எழுவதைவிட இது மேல்.
* தாய்ப்பால், பாட்டில், பேசிஃபயர் எதுவானாலும் சரி. சப்பணும், விழுங்கணும், அதுதான் முக்கியம்.
* ஒரே மூச்சில் கொடுத்து முடிக்காம, விட்டு விட்டுக் கடைசி வரை நீட்டுங்க.
* தலையைக் கொஞ்சம் உயர்த்திப் பிடிச்சுக்கோங்க.

சளி, காதுவலி இருக்கும்போது பயணம்னா முன்னாடியே குழந்தை மருத்துவரைப் பார்த்துடணும். குறைமாதக் குழந்தை, நுரையீரல் அல்லது இதயக் கோளாறு உள்ள குழந்தைன்னா கட்டாயம் கேட்கணும், ஏன்னா 8,000 அடி அளவில் கிடைக்கிற ஆக்ஸிஜன், தரையில் 21 சதவீதத்துக்குப் பதில் 15 சதவீதம் இருப்பதற்குச் சமம். யாரோ சொன்னாங்கன்னு தூங்க வைக்கிற மருந்து கொடுக்கவே கூடாது.

வயிற்றுக்கும் பாயில் விதிதான். அழுத்தம் × கனஅளவு = மாறிலி. 101-ஐ 75-ஆல் வகுத்தா 1.35. வயிற்றில் இருக்கிற வாயு மூணில் ஒரு பங்குக்கு மேல் விரியும். அதனால் பால் கொடுத்ததும் ஏப்பம் வரும்வரை தட்டிக் கொடுக்கறதை விமானத்தில் இன்னும் கவனமா செய்யணும்.

மடியா, தனி சீட்டா?

இதுவரை சொன்னது வலி. இனி சொல்றது உயிர்.

இரண்டு வயசுக்குள் குழந்தை மடியில் பயணிக்கலாம், முழு டிக்கெட் வேண்டாம். நாங்களும் அப்படித்தான் போனோம். "நல்லா இறுக்கிப் பிடிச்சுக்குவேன்"னு எல்லாத் தாயும் நம்புறாங்க. நியூட்டன் அதை ஒத்துக்க மாட்டார். 8 கிலோ குழந்தை. விமானம் 9 ஜி அளவுக்குத் திடீர்னு வேகம் இழந்தா, அந்தக் கணத்தில் கைக்கு அது 72 கிலோ பாரம். இன்றைய விமான இருக்கைகள் 16 ஜி சோதனையில் தேறணும். அந்தக் கணக்கில் 128 கிலோ, அதாவது இரண்டரை மூட்டை சிமெண்ட். எந்தக் கையும் பிடிக்காது. பாசம் குறைவுன்னு இல்லை, தசையின் வலு அவ்வளவுதான்.

1989 ஜூலை 19. அமெரிக்காவில் டென்வரிலிருந்து சிகாகோ போன யுனைடெட் 232 விமானத்தின் வால் இன்ஜினில் விசிறித் தகடு உடைஞ்சு, மூன்று ஹைட்ராலிக் அமைப்புகளும் போயிடுச்சு. சூ சிட்டியில் மோதித் தரையிறங்கினாங்க. 296 பேரில் 184 பேர் பிழைச்சாங்க. அதில் நாலு மடிக் குழந்தைகள் இருந்தாங்க. அன்றைய விதிப்படி, குழந்தைகளைத் தரையில் படுக்க வைக்கும்படி பெற்றோர்களிடம் சொன்னாங்க. மோதியதும் சில தாய்மார்களால் பிடிச்சு வைக்க முடியலை. ஒரு குழந்தை இறந்துபோச்சு. அந்த அறிவுரையைச் சொன்ன தலைமைப் பணிப்பெண் ஜான் பிரவுன் உயிர் பிழைச்சார். பிறகு பல வருஷம், குழந்தைக்கும் தனி இருக்கை கட்டாயம் வேணும்னு போராடினார்.

அந்த நாட்டின் விமானப் போக்குவரத்து ஆணையம் 2005-ல் அதைக் கட்டாயமாக்க மறுத்தது. அவங்க சொன்ன காரணம் யோசிக்க வைக்கும்: தனி டிக்கெட் கட்டாயம்னா பல குடும்பங்கள் காரில் போகும், சாலையில் ஆபத்து இன்னும் அதிகம், மொத்தத்தில் உயிரிழப்பு கூடும். ஒரு விதி ஒரு இடத்தில் காப்பாற்றி இன்னொரு இடத்தில் கொல்லலாம். நாம பரீட்சைக்கு எழுதுற 'சிஸ்டம்' என்ற வார்த்தைக்கு இதைவிட நல்ல உதாரணம் எனக்குக் கிடைக்கலை. ஆனாலும் 'கட்டாயம் இல்லை' என்பதும் 'பாதுகாப்பு' என்பதும் ஒண்ணு இல்லை. அதே ஆணையம், முடிஞ்சவங்க தனி இருக்கை எடுத்து, அனுமதி பெற்ற குழந்தை இருக்கையைப் பயன்படுத்துங்கன்னுதான் சொல்லுது.

மடிதான் முடியும்னா? நம்ம நாட்டில் குழந்தைக்குத் தனிச் சின்ன பெல்ட் கொடுப்பாங்க, அது பெரியவர் பெல்ட்டோடு கோர்க்கும். அதைப் போடுங்க. முழுப் பாதுகாப்பு இல்லைன்னாலும், திடீர்க் குலுக்கலில் குழந்தை கையை விட்டுப் போகாம தடுக்கும். உங்க பெல்ட்டுக்குள்ளேயே குழந்தையையும் சேர்த்துக் கட்டக் கூடாது. விமானம் சட்டுனு நின்னா உங்க மொத்த எடையும் குழந்தையை பெல்ட்டோடு நசுக்கும். சுவரில் மாட்டுற தொட்டில் கிடைச்சிருந்தாலும், சீட் பெல்ட் விளக்கு எரிஞ்சா குழந்தையைக் கையில் எடுத்துடணும்.

கூடுதல் மாஸ்க்

மூணு சீட் வரிசைக்கு மேலே பொதுவா நாலு ஆக்ஸிஜன் மாஸ்க் இருக்கும். அந்தக் கூடுதல் மாஸ்க் மடிக் குழந்தைக்கு. அதனால்தான் ஒரே பக்க வரிசையில் இரண்டு மடிக் குழந்தைகளை உட்கார வைக்க மாட்டாங்க. "சொந்தக்காரங்க சேர்ந்து உட்காரணும்"னு இடம் மாத்தும்போது இதை ஞாபகம் வெச்சுக்கோங்க.

மாஸ்க் விழுந்தா முதலில் உங்களுக்கு, பிறகு குழந்தைக்கு. சுயநலம் மாதிரி தோணும். 35,000 அடியில் அழுத்தம் போனால் தெளிவான நினைவு அரை நிமிஷத்திலிருந்து ஒரு நிமிஷம் வரைதான் இருக்கும். அதுக்குள்ள நீங்க மயங்கிட்டா குழந்தைக்கு யார் போடுறது?

கிளம்பும் முன்

* வெளிநாடுன்னா குழந்தைக்கும் தனி பாஸ்போர்ட் வேணும். உள்நாடுன்னா பிறப்புச் சான்றிதழை எடுத்துக்கோங்க.
* பச்சைக் குழந்தையை எத்தனை நாளுக்குப் பிறகு ஏத்துவாங்கங்கிறது நிறுவனத்துக்கு நிறுவனம் மாறும். டிக்கெட் போடும் முன் கேளுங்க.
* திரவத்துக்கான 100 மில்லி கட்டுப்பாடு, பயணத்துக்குத் தேவையான குழந்தைப் பாலுக்கும் உணவுக்கும் இல்லை. சோதனையில் தனியா எடுத்துக் காட்டினா போதும்.
* இறக்கைக்கு மேலே உள்ள சீட்டில் குலுக்கல் குறைவு. விமானத்தின் புவியீர்ப்பு மையம் அங்கேதான். இன்ஜின் சத்தம் இறக்கைக்கு முன்னால் குறைவு.
* கேபின் காற்று ரொம்ப வறண்டது. அம்மாவும் நிறையத் தண்ணி குடிக்கணும்.

மூணு மாசம் கழிச்சு ஒரு கல்யாணத்துக்காக அக்கா பாப்பாவோட தனியா ஊருக்கு வந்தாங்க. நான் எழுதி அனுப்பினபடி, அறிவிப்பு வந்ததும் எழுப்பிப் பால் கொடுத்திருக்காங்க. மீனம்பாக்கத்தில் காத்திருந்தேன். வெளியே வந்ததும் சொன்னாங்க: "டேய், முதல் கால் மணி நேரம் உன் பாயில் விதி வேலை செஞ்சுது. அப்புறம் பாலும் வேணாம் ஒண்ணும் வேணாம்னு அழ ஆரம்பிச்சுட்டா. ஆனா இந்தத் தடவை நான் பயப்படலடா. எதுக்கு அழறான்னு தெரியும்ல."

அடுத்த தடவை விமானம் இறங்கும்போது எங்கேயோ ஒரு குழந்தை அலறினா, திரும்பி முறைக்கிற நாலாவது ஆளா இருக்காதீங்க. அந்தத் தாய் தப்பு எதுவும் பண்ணலை. உங்க காதை அடைக்கிற அதே அழுத்தம்தான் அந்தக் குழந்தைக்கும். உங்களுக்கு விழுங்கத் தெரியும், அதுக்குத் தெரியாது, அவ்வளவுதான். முடிஞ்சா எழுந்து போகாம, உட்கார்ந்த இடத்திலிருந்தே சொல்லுங்க: "அக்கா, காது அடைச்சிருக்கும். ஏதாவது சப்பக் கொடுத்துப் பாருங்க."