ஸ்கேனில் ஏதோ தெரியுது என்றால்

கர்ப்பத்தின் 18 முதல் 22 வாரங்களுக்குள் எடுக்கும் ஸ்கேனுக்கு நமது பெண்கள் பெரும்பாலும் சந்தோஷத்தோடுதான் போகிறார்கள். புள்ள அசைவதைக் காணலாம், ஆணா பெண்ணா என்றும் மெல்லக் கேட்டுப் பார்க்கலாம் என்ற எண்ணம். வைத்தியர் பார்ப்பதோ வேறொன்றை. மூளை, முள்ளந்தண்டு, இதயத்தின் நான்கு அறைகள், சிறுநீரகம், வயிற்றுச் சுவர், கை கால் என உறுப்பு உறுப்பாகக் குறை தேடுவதே அந்த ஸ்கேனின் வேலை. 1950களில் கிளாஸ்கோ நகரின் மகப்பேற்று வைத்தியர் இயன் டொனால்ட் முதலில் எடுத்துப் பார்த்த கருவிகூட, உலோகத்தில் வெடிப்புத் தேடும் தொழிற்சாலைக் கருவிதான். குறை தேடும் கருவி, குறை போலத் தெரிவதையும் சேர்த்தே காட்டும்.

எனது இரண்டாவது கர்ப்பத்தில், 20ஆம் வாரத்தில், “மூளையில சின்னக் கட்டி மாதிரி ஒண்டு தெரியுது, இன்னொருக்காப் பாக்கணும்” என்றார்கள். அவ்வளவுதான். வெளியே நீண்ட வரிசை; அடுத்தவரைக் கூப்பிட்டாயிற்று. ‘மூளை’, ‘கட்டி’ என்ற இரண்டு சொற்களோடு பத்து நாள் நித்திரையில்லாமல் கிடந்தேன்.

உண்மையில் அது கட்டியே அல்ல. மூளையின் உள்ளறைகளில் நீரைச் சுரக்கும் மெல்லிய பின்னல் ஒன்று உண்டு. அதில் தேங்கும் சிறு நீர்க்குமிழ் அது. நூறு கர்ப்பங்களில் ஒன்றிரண்டில் காணப்படும். பெரும்பாலும் ஏழாம் மாதமளவில் தானாகவே மறைந்துவிடும். இதயம், கைகள் போன்றவற்றிலும் குறை தென்பட்டால்தான் டிரைசோமி 18 என்ற நிறமூர்த்தக் கோளாறு பற்றிய சந்தேகம் வலுக்கும். என் இரண்டாவது ஸ்கேனில் வேறொன்றும் இருக்கவில்லை. அந்த மகள் இப்போது மத்ரஸாவுக்குப் போக அடம்பிடிக்கும் வயதில் இருக்கிறாள்.

இதயத்தில் தெரியும் வெண்புள்ளி, சிறுநீரகத்தில் இலேசான விரிவு போன்றவையும் இந்த வகையே. இவற்றை நோய் என்பதைவிட அடையாளம் என்பதே சரி. தனியாக இருந்தால் பெரும்பாலும் தீங்கில்லை. பலதும் சேர்ந்தால் மேலும் பார்க்க வேண்டும். நச்சுக்கொடி கீழே இருக்கிறது என்பது இன்னொரு விடயம். 20ஆம் வாரத்தில் அப்படிச் சொல்லப்படுபவர்களில் பெரும்பாலானோருக்கு, கருப்பை வளர வளர அது வாயிலிருந்து விலகிவிடுகிறது. 32ஆம் வாரமளவில் திரும்பப் பார்ப்பது அதற்காகத்தான்.

ஆகவே கிளினிக்கில் கேட்க வேண்டியதைக் கேட்டுவிட்டே எழும்ப வேண்டும். கண்டதன் பெயர் என்ன? அதை எச் 512 அட்டையில் எழுதித் தருவீர்களா? இது தனியாக இருக்கிறதா, வேறும் ஏதாவது சேர்ந்திருக்கிறதா? அடுத்த ஸ்கேன் எப்போது, யாரிடம்? “டொக்டர்ட்ட எப்பிடிக் கேக்கிற” என்று தயங்குபவர்கள் ஊர் மருத்துவிச்சி மிஸ்ஸியிடம் சொன்னால் அவர் எழுதிக் கொடுப்பார். கணவனோ உம்மாவோ கூடப் போவது நல்லது. பயத்தில் இருப்பவளின் காதில் பாதிச் செய்தி விழுவதில்லை.

இன்னொரு குழப்பம், ஸ்கேனையும் உறுதிப்படுத்தும் பரிசோதனையையும் ஒன்றாக நினைப்பது. ஸ்கேனும், தாயின் இரத்தத்தில் குழந்தையின் மரபுப் பொருளைப் பார்க்கும் சோதனையும், நிறமூர்த்தக் கோளாறு இருக்கக்கூடிய வாய்ப்பையே சொல்கின்றன. உறுதியாகச் சொல்வது பனிக்குட நீரை ஊசியால் எடுத்துச் செய்யும் பரிசோதனை. அதில் கரு கலையும் அபாயம் சிறிதளவு இருப்பதால் எல்லோருக்கும் அதைச் செய்வதில்லை.

செய்தி வீட்டுக்கு வந்ததும் நடப்பதுதான் எனக்குக் கூடிய கவலை. “கிரகணத்துக்கு வெளிய போனியா?”, “என்னத்தத் திண்டாய்?” என்று விசாரணை தொடங்கிவிடும். நபியவர்களின் மகன் இப்ராஹீம் மரணித்த அன்று கிரகணம் பிடித்தபோது, எவருடைய மரணத்துக்காகவும் பிறப்புக்காகவும் சூரிய சந்திர கிரகணம் நிகழ்வதில்லை என்று அவர்கள் தெளிவாகச் சொன்னார்கள். அதை அறிந்த சமூகத்தில் ஒரு கர்ப்பிணி இந்தக் கேள்விக்குப் பதில் சொல்ல வேண்டியிருப்பது வெட்கம். முடிவு தெரியும்வரை இரண்டொரு பேருக்கு மேல் சொல்லாமல் இருப்பதில் தப்பில்லை.

சில வேளை சந்தேகம் மெய்யாகிவிடும். என் மச்சியின் மகனுக்கு இதயத்தின் பெருநாளங்கள் இரண்டும் இடம் மாறியிருந்தன. ஸ்கேனில் முன்கூட்டியே தெரிந்ததால், ஊரில் பெறாமல் பிரசவத்துக்கு இரண்டு கிழமை முன்னரே கொழும்புக்குப் போனார்கள். பிறந்தவுடன் மருந்து ஏற்றி, சில நாட்களில் சீமாட்டி ரிட்ஜ்வே சிறுவர் வைத்தியசாலையில் சத்திரசிகிச்சை நடந்தது. எங்கள் ஊரிலிருந்து கொழும்பு ஓர் இரவுப் பஸ் தூரம். தெரியாமல் இங்கே பெற்றிருந்தால் அந்த இரவைப் பிள்ளை தாண்டியிருக்குமா என்று மச்சி இன்றும் கேட்பாள்.

குழந்தை உயிர்வாழாது என்று சொல்லப்படும் நிலைதான் மிகக் கொடியது. இலங்கைச் சட்டம் தாயின் உயிரைக் காக்க மட்டுமே கருக்கலைப்பை அனுமதிக்கிறது. மக்காவின் பிக்ஹ் பேரவை 1990இல் எடுத்த தீர்மானம், நம்பகமான வைத்தியர் குழு உறுதிசெய்த கடும் குறைபாட்டுக்கு, பெற்றோர் கேட்டால், 120 நாட்களுக்கு முன் இடமளிக்கிறது. ஆனால் ஸ்கேன் வாரங்கள் கடைசி மாதவிடாயிலிருந்து எண்ணப்படுபவை. 120 நாள் என்பது அட்டைக் கணக்கில் சுமார் 19 வாரம். உறுப்பு பார்க்கும் ஸ்கேன் வரும்போது அந்த எல்லை கடந்துவிடுகிறது, அல்லது கடக்கும் தறுவாயில் இருக்கிறது. இதை மார்க்கம் கேட்பவரும் அறிய வேண்டும், சொல்பவரும் அறிய வேண்டும்.

அப்படிப்பட்ட தாய் மீதி மாதங்களைச் சுமந்தே கழிக்கிறாள். அவளிடம் “சபூர் செய்யுங்க” என்று சொல்லிவிட்டு எழும்பாமல், பிரசவ நாளில் யார் கூட நிற்பது, மூத்த பிள்ளைகளை யார் பார்ப்பது, பிள்ளைக்கு என்ன பெயர் வைப்பது, மய்யித்தை ஊருக்கு எப்படிக் கொண்டுவருவது என்று அவளோடு உட்கார்ந்து பேசுவதற்கு ஒரு ராத்தாவோ மாமியோ வேண்டும்.