பறவைகளுக்கு யார் செலவழிப்பது?

திருக்கேதீஸ்வரத்தைத் தாண்டி மன்னார்த் தீவுக்குப் போகும் வழியில் இருக்கிறது வங்காலைச் சரணாலயம். 4,839 ஹெக்டேயர் பரப்பு. 2008இல் சரணாலயமாகவும் 2010இல் ராம்சார் ஈரநிலமாகவும் அறிவிக்கப்பட்டது.

பறவைகளால் வியாபாரிக்கு என்ன இலாபம் என்று சிலர் கேட்கலாம். பறவைக்கு இரை தரும் கண்டலிலும் கடற்புல்லிலும்தான் மீன்குஞ்சும் இறால்குஞ்சும் வளர்கின்றன. அவை அழிந்தால் நமது மீன், கருவாட்டு வியாபாரமும் படுத்துவிடும்.

ஆனால் பாதுகாப்பின் செலவை யார் சுமப்பது? கட்டுப்பாடு வந்தால் முதலில் இழப்பவர்கள் அங்கே மாடு மேய்ப்பவர்களும் சிறுவலை வீசுபவர்களும். இலாபம் காண்பவர்களோ மீன் ஏற்றுமதியாளர்களும் ஹோட்டல் முதலாளிகளும். இது நீதியல்ல.

இதற்கு வழி நமக்குப் பழக்கமானதே: வக்பு. மூலதனத்தில் கைவைக்காமல் வருமானத்தை மட்டும் செலவிடும் முறை. பூட்டானில் 1990களின் தொடக்கத்தில் அமைக்கப்பட்ட சுற்றாடல் நிதியத்தின் அடிப்படையும் இதுவே.

இலாபம் காணும் வர்த்தகர்கள் சேர்ந்து மன்னாரில் ஒரு கடைத்தொகுதியை வக்பு செய்யலாம் என்பது என் யோசனை. வட்டி கலவாத வாடகை மாதாமாதம் வரும். அதில் முதற்பங்கு மேய்ப்பவருக்கும் மீனவருக்கும். மீதி கண்டல் நடவும் ஈரநிலத்தைத் துப்புரவாக்கவும். கணக்கை வருடந்தோறும் ஊரார் முன் வைக்க வேண்டும்.

ஒருவர் நட்ட மரத்திலிருந்து பறவை உண்டாலும் அது அவருக்கு ஸதகா என்பது நபிமொழி. அந்த நன்மையில் நாமும் பங்காளிகளாவோம்.