பாதி விலைப் பாணி

உக்குவளை வாசகி ஒருவர் கேட்கிறார்: ஒரே வீதியில் ஒரு கடையில் கித்துள் பாணி ஒரு விலை, அடுத்த கடையில் அதில் பாதி. போத்தலைச் சரித்துப் பார்த்தால் அடியில் சீனி மாதிரிப் படிந்திருக்கிறது. எது அசல்?

தயிருக்குப் பாணி ஊற்றத் தெரியாதவர் மாத்தளைப் பக்கம் இருக்க மாட்டார்கள். அதனால் நேரே மரத்துக்குப் போவோம்.

கித்துள் பத்துப் பதினைந்து வருடம் பூக்காது. இலைகள் ஆக்கிய உணவையெல்லாம் தண்டுக்குள் மாவாகச் சேர்த்துக்கொண்டிருக்கும். நாம் கஞ்சிக்கு வாங்கும் கித்துள் மா அதுதான். பிறகு உச்சியில் முதல் பாளை வரும். அடுத்தது அதற்குக் கீழே, அதற்கடுத்தது இன்னும் கீழே. தென்னையும் பனையும் வளர வளர மேலே பூக்கும். இதுவோ இறங்கி இறங்கிப் பூக்கிறது. தண்டிலிருக்கும் மா சீனியாகிப் பாளைக்குப் போகும். கடைசிப் பாளையோடு மரமும் போய்விடும். எங்களைப் படிக்க வைக்க அப்பாயி முதலில் தோட்டை விற்றது, பிறகு சங்கிலியை, கடைசியில் கைக்காப்பை. கித்துளைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு அந்த வரிசைதான் நினைவுக்கு வரும்.

விதைக்குப் போகவேண்டிய அந்தச் சீனியைத்தான் வழியில் மறித்து எடுக்கிறார்கள். பாளையின் அடியில் துளையிட்டு உப்பு, சுண்ணாம்பு, மிளகு என்று ஏதேதோ சேர்த்த மருந்து வைப்பார்கள். கலவை குடும்பத்துக்குக் குடும்பம் வேறு, வெளியே சொல்லவும் மாட்டார்கள். பிறகு காலையும் மாலையும் ஏறி, மெல்லிசாகச் சீவி, முட்டியை மாற்றவேண்டும். ஒரு வேளை தவறினால் முட்டிக்குள் இருப்பது கள். பதநீர் புளிக்காமலிருக்க ஹல் மரப்பட்டையைப் போடுவதுண்டு. ஒரு லீற்றர் பாணிக்கு ஏழெட்டு லீற்றர் பதநீரை விறகடுப்பில் காய்ச்சவேண்டும்.

கனடாவில் மேப்பிள் பாணிக்கு ஏறுகிற வேலையே இல்லை. இடுப்பளவில் துளை, அதிலிருந்து குழாய், குழாய் நேரே கொட்டகைக்கு. ஆனால் அந்தச் சாற்றில் சீனி நூற்றுக்கு இரண்டளவுதான். ஒரு லீற்றருக்கு நாற்பது லீற்றர் வேண்டும். பெரிய தோட்டங்களில் தண்ணீரில் பெரும்பகுதியை இயந்திரத்தால் பிரித்துவிட்டுத்தான் அடுப்பேற்றுகிறார்கள். கியூபெக் மாகாணத்து உற்பத்தியாளர் கூட்டமைப்பு விளைச்சல் கூடிய வருடத்துப் பாணியைப் பீப்பாய்களில் சேமித்துவைத்து, குறைந்த வருடத்தில் விற்கிறது. 2011, 2012 காலத்தில் அதிலிருந்து ஏறத்தாழ 3,000 தொன் திருட்டுப்போனது. திருடத் தகுந்த அளவு சேமிப்பு! நம் ஊரில் காய்ச்சியவர் கையில் நாலு போத்தல் சேர்ந்தால் பெரிது. விலை சொல்வது வியாபாரி. ஏறுகிறவரின் மகன் ஏன் ஏற மறுக்கிறான் என்று கேட்பதற்கு முன் இதை யோசிக்கலாம்.

இப்போது அந்த அடிப்படிவு. அதை வைத்துப் பிடிக்க முடியாது. கித்துள் சாற்றில் இருப்பதும் பெரும்பாலும் சுக்குரோசுதான். காய்ச்சல் கூடினால் அசலும் படியும். ஆய்வுகூடத்தில் வழி இருக்கிறது. கரும்பு காபனீரொட்சைட்டைப் பிடிக்கும் முறை வேறு. அதனால் கரும்புச் சீனியில் காபன் 13 கித்துளைவிடச் சற்றுக் கூடுதல். கலப்படத்தை அந்த அளவு காட்டிக்கொடுக்கும். அந்தக் கருவி கடைத்தெருவுக்கு வராது. நீங்கள் பாதி விலைக்காரரிடம் விறகு இப்போது என்ன விலை என்று மட்டும் கேட்டுப் பாருங்கள்.